யன்னலோரக் கணினியை ஏன் அழிக்கக்கூடாது

போன கிழமை நீங்கள் இரண்டு பேரும் தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. கணினி அறையில் யன்னலோரமாக இருக்கிற அந்தப் பழைய கணினி ஆமை வேகத்தில் ஓடுகிறது, உள்ளே இருப்பதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாமா என்று கேட்டீர்கள். "அதில கை வைக்க வேண்டாம்" என்று சொல்லி வெடுக்கென்று போனை வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றும் மனிசிக்கு அதிகாரம் குறையவில்லை என்று சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் காரணத்தைக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நீங்கள் பல்கலைக்கழகத்தில் இதையே படித்துவிட்டு என் இடத்துக்குப் படிப்பிக்க வந்தவர்கள். நான் அப்படி இல்லை. கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தவளை, பாடசாலைக்குக் கணினிகள் வந்து இறங்கிய அன்று, "உங்களுக்குத்தானே டீச்சர் கணக்கு வரும், இதையும் பாருங்கோ" என்று அப்போதிருந்த அதிபர் பிடித்துத் தள்ளிவிட்டார். விடுமுறையில் ஒரு பயிற்சி, ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். பிள்ளைகளுக்கு ஒரு பாடம் முன்னால் நான் ஓடிக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லாத நாட்களில் கரும்பலகையில் திரையை வரைந்து படிப்பிப்பேன். அதைத் தொட்டுத் தொட்டுப் பிள்ளைகளின் விரல் நுனியெல்லாம் வெள்ளையாகிப்போகும். இயந்திரத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தர ஒன்றுமில்லை. அதற்கு முன்னால் வந்து இருக்கிற ஆட்களைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

பத்தாம் வகுப்பில் விரிதாள் படிப்பிக்கும்போது ஒரு வழக்கமான பயிற்சி உண்டு. வீட்டில் உள்ளவர்களின் பெயரையும் பிறந்த திகதியையும் அட்டவணையில் போட்டு, இன்றைக்கு ஒவ்வொருவருக்கும் எத்தனை வயது என்று சூத்திரம் எழுதிக் கண்டுபிடிக்க வேண்டும். பாடப்புத்தகம் எழுதுகிற கொழும்பில் இருந்து பார்த்தால் அதில் ஒரு குறையும் தெரியாது. எங்கள் வகுப்பில் அதைக் கொடுத்ததும் பாதிப் பேர் எழுதத் தொடங்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி கையை உயர்த்தினாள்.

"டீச்சர், இப்ப வீட்டில இல்லாத ஆக்களையும் போடலாமோ?"

"வெளிநாட்டில இருக்கினமோ?"

"தெரியாது, டீச்சர்."

போடு என்றேன். வேறு என்ன சொல்வது? அவள் அண்ணனின் பெயரையும் திகதியையும் போட்டாள். சூத்திரம் ஆளைத் தேடுவதில்லை, திகதியைக் கொடுத்தால் வயதைச் சொல்லிவிடும். "அண்ணாவுக்கு இப்ப இருபத்தெட்டு எண்டு வருது, டீச்சர்" என்றாள். புதிதாக ஒரு செய்தி கிடைத்தவள் போல அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வருடத்தில் இருந்து நான் ஊர்க் குளங்கள் கட்டிய ஆண்டைக் கொடுத்துக் குளங்களின் வயதைக் கணிக்கச் சொன்னேன். சூத்திரம் அதேதான். நீங்களும் பாடப்புத்தகப் பயிற்சியை வகுப்புக்குக் கொண்டுபோக முதல், இந்தப் பிள்ளைகளின் வீட்டுக்குள் இருந்து அதை ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைக்குத் தர்சிகா என்று பெயர் வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை நேரில் சொல்கிறேன். அண்ணன் கஜன். யுத்தத்தின் கடைசி மாதங்களில், சனம் கடற்கரைப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டு போனபோது, பதினாறு வயதில் காணாமல் போனவன். அப்போது தர்சிகா தாயின் இடுப்பில் இருந்த குழந்தை. அண்ணனின் முகம் அவளுக்கு ஞாபகத்தில் இல்லை. வீட்டில் மிஞ்சியிருந்த பாடசாலை அடையாள அட்டைப் படம் ஒன்றுதான் அவளுக்கு அண்ணன். தகப்பன் அதற்கும் முதலே ஷெல்லில் போய்விட்டார்.

தாயை ஊரில் எல்லோரும் "கஜன்ர அம்மா" என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்திலேயே வளர்ந்துகொண்டிருந்த பிள்ளையின் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கிளிநொச்சியில் வீதியோரக் கொட்டகையில், காணாமல் போன பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிற தாய்மாரில் அவரும் ஒருவர். எங்கள் ஊர் ஸ்கந்தபுரத்தில் வயல் வேலை இல்லாத நாட்களில் பஸ் எடுத்து அங்கே போய் இருப்பார்.

உயர்தரத்தில் தர்சிகா தகவல் தொழினுட்பம் எடுத்தாள். என்னுடைய வகுப்பில் அவளைப் போல நேர்த்தியாக வேலை செய்த பிள்ளை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பல்கலைக்கழகம் போவாள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். பழைய படம் ஒன்றைக் கணினியில் திருத்திக்கொண்டு வாருங்கள் என்று அந்த வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். வேறு ஊர்களில் பிள்ளைகள் என்ன கொண்டுவருவார்களோ தெரியாது. இங்கே வந்ததெல்லாம் மழையில் நனைந்து, சேலை மடிப்புக்குள் இடம்பெயர்ந்து, மூலை கரைந்துபோன முகங்கள். கீறலை மறைப்பது எப்படி, நிறத்தை மீட்பது எப்படி என்று காட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனி லேயரில், கண்ணாடித் தாள்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதுபோலச் செய்ய வேண்டும், ஒவ்வொரு லேயருக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும் என்பதில் நான் கறாராக இருந்தேன். தர்சிகா அதை நன்றாகப் பிடித்துக்கொண்டாள்.

தைப்பொங்கல் கழிந்து வயல்களில் நெல் அருவிவெட்டு நடந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. உயர்தர வகுப்பு கணினி அறையில் இருந்தது. வாசலில் கஜன்ர அம்மா வந்து நின்றார். வயலில் இருந்து நேரே வந்திருக்க வேண்டும், சேலைக் கரையில் சேறு காய்ந்திருந்தது. கையில் ஒரு ஷொப்பிங் பை. அதற்குள் இருந்து, கடையில் பெரிதாக அச்சடித்த ஒரு படத்தை எடுத்தார்.

"குறை நினைக்காதேங்கோ டீச்சர். உங்கட கொம்பியூட்டரில இதைப் பெரிசாக்கி, பின்னுக்கு இருக்கிற கடையின்ர பேரை வாசிச்சுச் சொல்லுவியளோ? எந்த நாடு எண்டு தெரிஞ்சாக் காணும்."

படத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன். மெல்லிய மீசை, கட்டம் போட்ட சேட். பின்னால் ஏதோ ஒரு நாட்டுக் கடைத்தெரு.

"என்ர கஜன்" என்று அவன் முகவாயில் விரலை வைத்தார். "நாடியைப் பாருங்கோ. என்ர அப்பான்ர நாடி."

முகத்தில் வெளிச்சம் இடப்பக்கம் இருந்து விழுந்திருந்தது. வலப்பக்கம் விழ வேண்டிய கடைகளின் நிழலும் இடப்பக்கமாகவே சரிந்திருந்தது. கழுத்தோரத்தில் கணினித் தூரிகை ஓடிய மெல்லிய தடம் தெரிந்தது. அந்தத் தூரிகையை ஓட்டப் பழக்கியவளே நான். தலையைத் திருப்பாமலே யன்னலோரக் கணினியைப் பார்த்தேன். தர்சிகா திரையைப் பார்த்தபடி இருந்தாள். கை மவுஸின்மேல் இருந்தது, அசையவில்லை.

வகுப்பு முழுவதும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வசனத்தில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்த வசனம் தாயின் தலையில் விழுகிற அதே நேரத்தில், அத்தனை பேருக்கு முன்னால், மகளின் தலையிலும் விழும்.

"இது அவசரத்தில பாக்கிற வேலை இல்லை அம்மா" என்றேன். "ஆறுதலாப் பாத்துச் சொல்லுறன்."

"வெள்ளிக்கு முதல் வேணும் டீச்சர். வெள்ளிக்கிழமை காணாமல் போன ஆக்களின்ர விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கினம். சாட்சி என்ன இருக்கு, சாட்சி என்ன இருக்கு எண்டு எத்தினை வருஷமாக் கேட்டவை. இப்ப இருக்குத்தானே."

படத்தைத் தந்துவிட்டுப் போங்கள் என்றேன். தரவில்லை. "தர்சிகான்ர போனிலயும் கிடக்கு, அவளிட்ட வாங்குங்கோ" என்று சொல்லிப் படத்தைத் திரும்பப் பைக்குள் வைத்தார்.

அவசரத்தில் ஒருவர் கேள்வி கேட்டால் உடனே விடை சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களுக்கு ஒரு வியாதி இருக்கிறது. கணினி ஆசிரியர்களுக்கு அது இன்னும் மோசம். எனக்கும் இருந்தது. அன்று எப்படியோ வாயை அடக்கிக்கொண்டேன், அது ஒன்றைத்தான் அந்தக் கிழமையில் நான் யோசனையில்லாமலே சரியாகச் செய்தேன்.

மணி அடித்துப் பிள்ளைகள் போனபிறகு தர்சிகா எழும்பவில்லை. நான் பக்கத்துக் கதிரையில் போய் இருந்தேன். கேட்க முதலே அவள் சொல்லத் தொடங்கினாள்.

"பிறந்தநாளுக்கு அம்மா ஒவ்வொரு வருஷமும் கணவாய்க்கறி வச்சு அண்ணாவுக்குச் சோறு போட்டு வைப்பா, டீச்சர். இப்பவும் பதினாறு வயசுப் பெடியனுக்குப் போடுற மாதிரித்தான். அண்ணா பெரிய ஆளாகியிருப்பார் எண்டு காட்டத்தான் செய்தனான். 'இப்ப இப்பிடித்தான் இருப்பார் அம்மா' எண்டு சொல்லிப்போட்டுக் காட்ட நினைச்சன். போனைச் சோத்துக் கோப்பைக்குப் பக்கத்தில வச்சன். நான் வாய் திறக்க முதல் அம்மா சிரிச்சிட்டா."

மேசையில் இருந்த மவுஸைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா சிரிச்சு நான் அதுக்கு முதல் கண்டதில்லை, டீச்சர்."

சிரிப்புச் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்திருக்கிறார். யார் அனுப்பிய படம் என்று கேட்டிருக்கிறார். தெரியாத நம்பரில் இருந்து வந்தது என்று இவள் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். பிறகு அதைத் திருப்பி எடுக்க முடியவில்லை. மாமாவின் படத்தில் இருந்து நாடி, கனடாவில் இருக்கிற பெரியம்மா மகனின் கல்யாணப் படத்தில் இருந்து தோள், இணையத்தில் இருந்து தெரு. எல்லாம் பொருந்தியிருந்தது. முழுப் புள்ளியும் போட வேண்டிய வேலை. எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பிடித்து வைத்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. "வெள்ளிக்கு முதல் அம்மாவுக்குச் சொல்ல வேணும்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை அந்தப் படம் விசாரணை மேசைக்குப் போனால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். படித்த ஒருவர் ஒரு நிமிடத்தில் பிடித்துவிடுவார். மகன் உயிரோடு இல்லாமல் இருக்கலாம் என்பதை அந்தத் தாய் முன்பின் தெரியாத ஒருவரின் வாயில் இருந்து, ஒரு சிரிப்போடு கேட்க வேண்டியிருக்கும். கொட்டகையில் இருக்கிற மற்றத் தாய்மார் கொண்டுபோகிற உண்மைப் படங்களையும் அதற்குப் பிறகு யார் நம்புவார்கள்? இதைச் செய்தது யார் என்று தேடினால் ஒரே ஒரு வீட்டில்தான் போய் நிற்கும்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை விட்டதும் தர்சிகாவோடு அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் படங்கை விரித்து நெல் காயப் போட்டிருந்தார் தாய். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். படம் உண்மை இல்லை, பிள்ளை கணினியில் செய்தது, ஆசையில் செய்தது, கெட்ட எண்ணம் இல்லை. அவர் ஒரு சொல்லும் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு படலைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஆர் வந்தவங்கள், டீச்சர்?"

"ஒருத்தரும் வரேல்லை அம்மா."

"எனக்குச் சொல்லுங்கோ. நான் வெளியில விடமாட்டன். பள்ளிக்கூடத்துக்கு வந்து வெருட்டினவங்களோ?"

தர்சிகா அவருக்கு முன்னால் நெல்லிலேயே முழங்காலில் இருந்துவிட்டாள். "அம்மா, நான்தான் செய்தனான். உண்மையா நான்தான்."

அவர் மகளின் தலையைத் தடவினார். "பயப்பிடாத பிள்ளை. உனக்குப் படிப்பு இருக்கு. நீ ஒண்டும் சொல்ல வேண்டாம், நான் பாத்துக்கொள்ளுறன்."

அவர் கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரிந்திருக்கும். அந்த அன்புக்கு எதிராக வாதாடத் தெரியவில்லை. எங்கள் இடத்தில் ஒருவர் சொன்ன சொல்லை மாற்றிச் சொன்னால், இடையில் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்த அனுபவம் அவருக்கு நிறைய இருந்தது. நான் எவ்வளவு பொய் என்கிறேனோ அவ்வளவுக்கு அந்தப் படம் அவருக்கு உண்மையாகிக்கொண்டு போனது.

புதன்கிழமை காலை அதிபர் கூப்பிட்டார். கதை அவருக்கு எட்டிவிட்டது. "எல்லாக் கொம்பியூட்டரையும் இண்டைக்கே போமற் பண்ணி அழியுங்கோ" என்றார். "வந்து பாத்தா ஒண்டும் இருக்கக்கூடாது. நானும் நீங்களும் போறது மட்டுமில்லை, அந்தப் பிள்ளையும் போகும்."

அவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். மாணவர் வரைந்த ஒரு சித்திரத்துக்காக ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்கக் கதிரையில் இருத்தி வைக்கப்பட்ட மனிதர் அவர். பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது. எனக்கும் பயம்தான். ஆனாலும் நான் மறுத்தேன்.

"சேர், அந்த மனிசியின்ர கையில இருக்கிறது முடிஞ்ச படம். அதைப் பிரிக்க ஏலாது. பிள்ளை செய்த லேயரெல்லாம் யன்னலோரத்துக் கொம்பியூட்டரில ஒரு கோப்பிலதான் கிடக்கு. அதை அழிச்சா இது பொய்யெண்டு அவாவுக்குக் காட்ட உலகத்தில வேற ஒண்டும் இல்லை. பேந்து அழிச்சதைத்தான் சாட்சி எண்டு சொல்லுவா."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு முகத்தைத் துடைத்தார். "நாளைக்குப் பின்னேரம் வரைக்கும்" என்றார். "அதுக்குப் பிறகு நானும் கேக்க மாட்டன், நீங்களும் எனக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ."

உங்களிடமும் ஒருநாள் யாராவது அழி என்று சொல்வார்கள். அநேகமாக நல்லவர்கள்தான், பயத்தில்தான் சொல்வார்கள். அது இல்லாமல் போனால் யார் எதைக் காட்ட முடியாமல் நிற்பார்கள் என்று பார்த்துவிட்டுக் கையை வையுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், வாருங்கள் என்று கஜன்ர அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அது பொய் இல்லை. வியாழக்கிழமை பாடசாலை விட்டபிறகு வந்தார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேர்தான். நான் செய்கிறேன் என்று மவுஸைப் பிடிக்கப் போனேன். "நான் செய்யிறன், டீச்சர்" என்றாள் தர்சிகா.

கோப்பு திறந்தது. திரை நிறைய அவன். தாய் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்டப் போனார். தர்சிகா மவுஸால் ஒரு இடத்தில் அமத்தினாள். கடைத்தெரு போய்விட்டது.

"ரோட்டு எங்க?" என்றார் தாய்.

தர்சிகா திரும்பவும் அமத்தினாள். அடுத்ததாக சேட் போனது, தோள் போனது. மீசை போனது. கண்ணோரச் சுருக்கம் போனது. ஓரத்தில் லேயர்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன, தமிழில், நான் கறாராகக் கேட்டபடி. தாய் அவற்றை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தார். 'மீசை.' 'தோள்.' ஒன்றில் வந்து நின்றார்.

"மாமான்ர நாடி" என்று வாசித்தார்.

தன் தகப்பனின் நாடி என்று எனக்குக் காட்டிய அதே நாடி. அவருடைய கூடப்பிறந்தவனுக்கும் அந்த நாடிதானே இருக்கும். அதில்தான் அவர் நம்பினார், எனக்குத் தெரிந்தது. முதுகு மெல்லத் தளர்ந்தது. தர்சிகா அதையும் அமத்தினாள். மிஞ்சியது வெள்ளைச் சேட்டும் கழுத்தில் கட்டிய பாடசாலை ரையுமாக ஒரு பெடியன். நெற்றியில் படம் மடிந்த கோடு.

அவரைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அழுவார், விழுவார், மகளை அடிப்பார் என்று எல்லாவற்றுக்கும் ஆயத்தமாக நின்றேன். அவர் திரையில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"திரும்பப் போடு."

"அம்மா?"

"ஒவ்வொண்டாப் போடு. மெல்ல."

தர்சிகா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். நாடி வந்தது. மீசை வந்தது. தோள் அகன்றது. பெடியன் இளைஞனாகி, இளைஞன் மனிதனாகி அந்தத் திரையில் நின்றான்.

"அவன் வளர்றதை நான் பாக்கேல்லை" என்றார் தாய். "இன்னொருக்காப் போடு."

யன்னலில் வெயில் இறங்கும்வரை மகள் போட்டுக்கொண்டேயிருந்தாள். பிறகு அவர் எழும்பினார். பைக்குள் இருந்த பெரிய படத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். மகளின் பக்கம் திரும்பாமலே நடந்து போனார்.

வெள்ளிக்கிழமை அவர் பழைய அடையாள அட்டைப் படத்தோடுதான் விசாரணைக்குப் போனார். மற்றத் தாய்மார் எப்படித் திரும்பி வந்தார்களோ அப்படியே திரும்பி வந்தார். சாட்சி என்ன இருக்கு என்றுதான் கேட்டிருப்பார்கள். நான் விசாரிக்கவில்லை.

காரியத்தை நன்றாக முடித்துவிட்டேன் என்று ஒரு கிழமை நான் நிம்மதியாக இருந்தேன் என்றால் நம்புங்கள். பாடசாலைக்கு ஒரு பிரச்சினையும் வரவில்லை, தாயைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டுக்குள் கதை நின்றுவிட்டது. தாய் சமைத்து மூடி வைத்துவிட்டு வயலுக்குப் போவார், மகள் எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் பாடசாலைக்கு வருவாள். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒரு சொல் கிடையாது. அடித்திருந்தால்கூட இந்நேரம் ஆறியிருக்கும் டீச்சர் என்று தர்சிகா ஒருநாள் சொன்னாள். வெள்ளிக்கிழமையை எப்படிக் கடப்பது என்று மண்டையை உடைத்த எனக்கு, அதற்கடுத்த நாட்களில் அந்தப் பிள்ளையோடு யார் இருப்பது என்ற யோசனை வரவே இல்லை. நெருக்கடியில் இருக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடி முடிந்தபிறகுதான் பிள்ளை தனிய நிற்கும்.

முதலில் யன்னலோரக் கதிரையை விட்டாள். பிறகு பாடத்தை விட்டாள். வீட்டுக்குப் போய்க் கதைத்துப் பார்த்தேன். "மவுஸைத் தொட்டா அம்மான்ர முதுகுதான் தெரியுது, டீச்சர்" என்றாள். பரீட்சைக்கு முதலே ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குத் தெற்குப் பக்கம் போய்விட்டாள். என்னிடம் படித்தவர்களில் அந்தப் பிள்ளைதான் கெட்டிக்காரி.

அடுத்த தை மாதம், கஜனின் பிறந்தநாளன்று, தாய் தோய்த்து உலர்த்திய நல்ல சேலையோடு கணினி அறை வாசலில் வந்து நின்றார். "அந்தப் படத்தை ஒருக்காப் போடுங்கோ, டீச்சர்" என்றார். நான் போட்டேன். பெடியனில் இருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக. பார்த்துவிட்டுப் போனார். அதற்கடுத்த வருடமும் வந்தார். அதிபரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நான் ஓய்வு பெற முதல் கடைசியாக அவர் வந்த நாளில் ஒன்பதாம் வகுப்பு அறையில் இருந்தது. பக்கத்துக் கணினியில் இருந்த ஒரு சின்னப் பிள்ளை எட்டி எட்டித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முடிவில் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டது.

"ஆர் அன்ரி இவர்?"

"என்ர மகன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "செய்தது என்ர மகள்" என்றார்.

"வடிவாச் செய்திருக்கிறா, என்ன?"

"ஓம். அவள் சரியான கெட்டிக்காரி."

அத்தனை வருடத்தில் அவர் வாயில் இருந்து 'என்ர மகள்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். உடனே வெளியே போய்த் தர்சிகாவுக்குப் போன் எடுத்தேன். அவள் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். இன்றுவரை அவள் பார்த்த அடையாளம் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து வேறு கணினியில் வைக்கலாமே என்று கேட்பீர்கள். எடுங்கள், இரண்டு இடத்தில் வையுங்கள். ஆனால் அந்தக் கணினியும் கதிரையும் யன்னலோரத்திலேயே இருக்கட்டும். தை மாதத்தில் ஒருநாள் கஜன்ர அம்மா வருவார். வகுப்பு நடந்தாலும் எழும்பிப் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து இருத்துங்கள். பெடியனில் இருந்து தொடங்கி மெல்லப் போடுங்கள். பெரிய ஆளில் இருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட வேண்டாம், அதை அவர் கேட்பதில்லை. அவர் எழும்பும்வரை கோப்பை மூட வேண்டாம்.

எப்போதாவது தர்சிகா அந்தப் படியேறி வந்தால், படத்தைப் பற்றி அவளிடம் பேச வேண்டாம். அம்மா அந்தக் கதிரையில் இருந்து என்ன சொன்னார் என்று மட்டும் அப்படியே சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்க மாட்டாள். என்னுடைய போனை அவள் எடுப்பதில்லை.